‘இராபர்ட்டு’ என்னும் பெயர்: தோற்றமும் பரவலும்

தமிழ் பயிலும் மாணவர் எவரும் கால்டுவெல் ஐயரின் பெயரைக் கேளாதிருத்தல் இயலாது. 1856ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நம் மொழிநூற் கல்விக்கு அடிப்படையாய் நிற்பது. ஆயினும், அவர்தம் பெயரின் முற்பகுதியாகிய ‘இராபர்ட்டு’ என்பதற்குப் பொருள் யாது என வினவின், விடை கிடைப்பது அரிது. ‘அது கிறித்தவப் பெயர்’ என்று கூறி அமைவாரே பலர். உண்மையில் அப்பெயர் விவிலியத்தில் இல்லை. ஐரோப்பாவின் வடபகுதியில் கிறித்தவம் புகுமுன்பே வழக்கிலிருந்த சொற்களால் ஆகியது அது. சொற்களுக்கு வேர் கண்ட அறிஞரின் பெயருக்கே வேர் காணாமல் விடுதல் தமிழ்த்துறையார்க்கு அழகன்று. ஆதலின் அப்பெயர் தோன்றிய நிலத்தையும், பரவிய வழியையும், அது நம் வரலாற்றோடும் இசுலாமிய வரலாற்றோடும் வந்து பொருந்தும் இடங்களையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

சொல்லும் பொருளும்

பழைய ஜெர்மானிய இனத்தாரின் ஆண்பெயர்கள் பெரும்பாலும் இருசொற் கூட்டாக அமைந்தவை. வேல், ஓநாய், படை, வெற்றி, புகழ், உயர்குடி, ஒளி, காவல் என்பன போன்ற பொருளுடைய சொற்கள் சில அவர்களிடம் இருந்தன. அவற்றுள் இரண்டனை இணைத்தே மக்கட்குப் பெயரிட்டனர். இராபர்ட்டு என்பது ‘ஹ்ரோத்’, ‘பெர்ஹ்த்’ என்னும் இரு சொற்களின் கூட்டு. முன்னது புகழ் என்றும், பின்னது ஒளி பொருந்திய என்றும் பொருள்படும். இக்காலத் தமிழில் ‘புகழொளி’ என்று பெயர்த்தால் ஏறத்தாழப் பொருந்தும்.

பின்னுறுப்பாகிய ‘பெர்ஹ்த்’ என்பதே இன்றைய ஆங்கிலத்தில் ‘பிரைட்’ என வழங்குகிறது. நம் மொழியில் விசிறி ‘சிவிறி’ ஆனது போல, அங்கும் ரகரம் இடம் மாறி நின்றது. ஒளிர்தலைக் குறிக்கும் ‘பிராஜ்’ என்னும் வடமொழி வினையடியும் இதன் இனமே. முன்னுறுப்பாகிய ‘ஹ்ரோத்’ என்பதை வடமொழிக் ‘கீர்த்தி’யோடு உறவுடையதாகக் கருதும் ஒப்பியல் அறிஞரும் உளர். அது கொள்ளத்தக்கதாயின், நம் ஊர்களில் வழங்கும் கீர்த்தி என்னும் பெயரும் இராபர்ட்டு என்பதும் தொலைவழி உறவினர் ஆகும்.

‘ஹ்ரோத்’ என்னும் உறுப்பினைப் பிற பெயர்களிலும் காணலாம். ரோஜர் என்பது புகழும் வேலும். ருடால்பு என்பது புகழும் ஓநாயும். ரோத்ரிகோ என்பது புகழும் ஆட்சியும். இசுபானியாவை ஆண்ட விசிகோத்து மன்னருள் இறுதியானவர் இந்த ரோத்ரிகோ என்னும் பெயரினர். கி.பி. 711இல் தாரிக் இப்னு சியாதின் படையிடம் தோற்ற அவரை அரபு வரலாற்றாசிரியர்கள் ‘லுத்ரீக்’ என்று எழுதினர். ஆகவே இராபர்ட்டின் உடன்பிறப்பாகிய பெயர் ஒன்று எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முசுலிம்களின் வரலாற்றுக்குள் புகுந்துவிட்டது. பின்னுறுப்பைக் கொண்டு ஆல்பர்ட்டு, கில்பர்ட்டு, ஹெர்பர்ட்டு முதலியன அமைந்தன. கல்லறைத் தோட்டங்களிலும் பள்ளிப் பதிவேடுகளிலும் நாம் கண்டு பழகிய இப்பெயர்கள் யாவும் ஒளிப் பெயர்களே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இக்கூட்டுகள் எல்லாம் பொருள் நோக்கி அமைந்தவை என்று கொள்ளல் கூடாது. தந்தை பெயரில் ஒரு பாதியும் தாய் பெயரில் ஒரு பாதியும் எடுத்துப் பிள்ளைக்கு இடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. பதினோராம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வூசுட்டர் நகரில் ஆயராய் இருந்த உல்ப்சுடன் என்பாரின் தந்தை ஏதல்சுடன், தாய் உல்ப்கிபு. தாயிடமிருந்து ‘ஓநாய்’ வந்தது. தந்தையிடமிருந்து ‘கல்’ வந்தது. ‘ஓநாய்க்கல்’ என்பதற்கு என்ன பொருள் கூறுவது? பெயர் என்பது பொருளுரைப்பதற்காக மட்டும் இடப்படுவதன்று. உறவை உரைப்பதற்காகவும் இடப்படுவது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே ‘பேரன்’ என மருவிற்று என்பதை நாம் அறிவோம். உறவுச் சொல்லுக்குள்ளேயே பெயரிடும் முறையைப் பொதிந்து வைத்தது தமிழ்.

சமயத்தைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பியர் கிறித்தவத்தைத் தழுவியபோது தம் பழம்பெயர்களை எல்லாம் களைந்துவிடவில்லை. இசுலாமிய வரலாறும் அத்தகையதே. அழகிய பொருளுடைய பெயர்களைச் சூட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். தீய பொருள் தரும் பெயர்களையும் இணைவைப்புப் பொருளுடைய பெயர்களையும் மாற்றினார்கள். ஆனால் உமர், உஸ்மான், ஹம்ஸா என்பன இசுலாத்துக்கு முன்பே அரபு மக்களிடம் வழங்கிய பெயர்கள், அவை மாற்றப்படவில்லை. அவற்றைத் தாங்கியோரின் வாழ்வே அவற்றை இசுலாமியப் பெயர்கள் ஆக்கிற்று. இராபர்ட்டு கிறித்தவப் பெயரானதும் இவ்வாறே. சால்சுபர்க்கு நகரில் கி.பி. 700ஐ ஒட்டிய காலத்தில் சமயப்பணி ஆற்றிய ரூபர்ட்டு என்பாரைக் கிறித்தவர் தூயர் எனப் போற்றுவர். ரூபர்ட்டு என்பது இதே பெயரின் வேறு வடிவம்.

ஒலி தேய்ந்த முறை

‘ஹ்ரோத்பெர்ஹ்த்’ என்னும் கடுமையான ஒலிக்கூட்டம் ‘இராபர்ட்டு’ ஆனது எங்ஙனம்? பிராங்கு இனத்தார் இன்றைய பிரான்சு நாட்டில் குடியேறி, இலத்தீன் வழிவந்த மொழியைப் பேசத் தலைப்பட்டனர். அம்மொழியார் நாவிற்குச் சொல்லின் முதலில் வரும் ஹகரம் இயலாதாயிற்று, அது கழிந்தது. இடையில் நின்ற தகரம் அடுத்து வந்த பகரத்தோடு மோதிக் கெட்டது. ஈற்றயல் ஹகரமும் மறைந்தது. எஞ்சியது ‘ரோபெர்’. பிரெஞ்சுக்காரர் இன்றும் ஈற்றுத் தகரத்தை எழுதுவர், ஒலியார்.

இது நமக்குப் புதியதன்று. ஷெய்கு அப்துல் காதிர் என்னும் பெயர் கீழக்கரை வள்ளலிடத்துச் ‘சீதக்காதி’ ஆயிற்று. அங்கும் ஈரொலி ஓரொலியானது. இடைநின்ற மெய்கள் கரைந்தன. ஹுசைன் ‘உசேன்’ ஆவதும், உஸ்மான் ‘உதுமான்’ ஆவதும், உமர் ‘உமறு’ ஆவதும் இத்தகையனவே. இம்மாற்றங்களைச் ‘சிதைவு’ என்று பழிப்பார் உளர். மக்கள் நாவில் ஒரு பெயர் நூறாண்டு புழங்கினால் தேயவே செய்யும். தேயாத பெயர் புழங்காத பெயர் என்பதே எம் கருத்து.

தமிழுக்கு வந்தபோது அப்பெயர் இன்னொரு முறை உரு மாறிற்று. ரகரம் மொழிக்கு முதலில் வாராது; ஆதலின் இகரம் முன்வந்தது. டகர மெய் மொழிக்கு ஈற்றில் நில்லாது; ஆதலின் உகரம் பின்வந்தது. ‘இராபர்ட்டு’ என நாம் எழுதுவது தொல்காப்பியர் வகுத்த மொழிமுதல், மொழியிறுதி விதிகளின்வழி. பேச்சில் ‘ராபர்ட்’ என்று கூறுவோரும் எழுத்தில் இவ்வடிவத்தைப் போற்றுதல் நன்று. ஒரு மொழி வேற்றுப் பெயரை விரட்டாமலும், தன் இயல்பை விடாமலும் ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று.

பாட்டனும் பெயரனும்

பெயர் பரவுவதற்கு அரச குடிகளே முதற்காரணம். வலியர் எனச் சிறப்பிக்கப்பெற்ற இராபர்ட்டு என்னும் பிராங்குத் தலைவர் கி.பி. 866இல் போர்க்களத்தில் மாண்டார். அவர் மகன் இராபர்ட்டு 922இல் மன்னரானார். அம்மன்னரின் மகன் பெயரனுக்குப் பிறந்த பிள்ளை ‘பத்திமான்’ எனப்பெற்ற இரண்டாம் இராபர்ட்டு. 996 முதல் 1031 வரை ஆண்டவர். பிரான்சின் கப்பே மரபினர் இக்குடியில் தோன்றியோரே.

பிரான்சின் வடகடற்கரையில் குடியேறிய நார்மானியர் இப்பெயரைத் தமதாக்கிக்கொண்டனர். நார்மண்டியின் கோமகன் இராபர்ட்டு, எருசலேமுக்குச் சென்று மீளும்போது, இன்று துருக்கியில் இசுனிக்கு எனப்படும் நிசேயா நகரில் 1035இல் இறந்தார். அவர் மகனே 1066இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம். வில்லியம் தம் மூத்த மகனுக்குத் தம் தந்தையின் பெயரையே இட்டார். பெயரன் என்னும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டா. ஆனால் அப்பெயரனுக்கு இங்கிலாந்தின் அரியணை கிட்டவில்லை. சிலுவைப் போருக்குச் சென்று மீண்ட அவரை, 1106இல் உடன்பிறந்த தம்பியே சிறைப்பிடித்தார். 28 ஆண்டுகள் சிறையிலிருந்து 1134இல் மாண்டார். புகழொளி என்னும் பெயரினர் பிறர் காணா இருளில் முடிந்தார். இங்கிலாந்தின் அரியணையில் இராபர்ட்டு என்னும் பெயருடைய மன்னர் எவரும் பின்னரும் அமர்ந்ததில்லை.

நார்மானியரின் மற்றொரு கிளை தெற்கு நோக்கிச் சென்றது. இராபர்ட்டு கிசுக்கார்டு என்பாரும் அவர் தம்பி ரோஜரும் 1072இல் பலெர்மோ நகரைக் கைப்பற்றினர். கி.பி. 831 முதல் முசுலிம்களின் ஆட்சியில் இருந்த அந்நகரில் முந்நூறு பள்ளிவாசல்கள் இருந்தனவாகப் பத்தாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற இப்னு ஹவ்கல் குறித்துள்ளார். அண்ணன் பெயரும் தம்பி பெயரும் ‘ஹ்ரோத்’ என்றே தொடங்குதல் காண்க. தம்பியின் மகன் இரண்டாம் ரோஜர் காலத்தில்தான் அல் இத்ரீசியின் புகழ்பெற்ற புவியியல் நூல் 1154இல் நிறைவுற்றது. வாளால் வென்ற குடியே அடுத்த தலைமுறையில் அரபு அறிஞரைப் போற்றியது வரலாற்றின் விந்தை. அந்நூலை அரபு மக்கள் ‘ரோஜரின் நூல்’ என்றே அழைத்தனர்.

ஸ்காத்துலாந்தில் இப்பெயர் விடுதலையின் பெயராயிற்று. 1314இல் பன்னக்பர்ன் களத்தில் ஆங்கிலப் படையை முறியடித்தவர் இராபர்ட்டு புரூசு. அவர் மகள் வயிற்றுப் பெயரன் 1371இல் இரண்டாம் இராபர்ட்டு என முடி சூடினார். அவர்க்குப்பின் 1390இல் வந்த மன்னரின் இயற்பெயர் ஜான். ஜான் என்னும் பெயருடைய முன்னை மன்னர் ஒருவர் முடியிழந்த நினைவு நாட்டில் மறையாதிருந்தமையின், அப்பெயர் ஆகாது எனக் கருதி அவர் மூன்றாம் இராபர்ட்டு என மாற்றிக்கொண்டார். பெயர் ராசி பார்ப்பது நம்மவர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

மிகுதியால் விளைந்தவை

1066க்குப் பின் இங்கிலாந்தின் பெயர்வழக்கு தலைகீழானது. ஏதல்சுடன், உல்ப்சுடன் முதலிய பழைய ஆங்கிலப் பெயர்கள் சில தலைமுறைக்குள் அருகின. வில்லியம், இராபர்ட்டு, ரிச்சர்டு, ஹென்றி என வென்றோரின் பெயர்களே குடியானவர் குடிசைகளிலும் ஒலித்தன. பழைய ஆங்கிலத்திலும் இராபர்ட்டுக்கு ஒத்த வடிவம் ஒன்று இருந்தது. எனினும் மக்கள் ஏற்றது நார்மானியர் கொணர்ந்த வடிவத்தையே. ஆள்வோர் பெயரை ஆளப்படுவோர் விரும்பி ஏற்றல் எந்நாட்டிலும் காணப்படுவது. அதனை நாம் குறையாகக் கூறவில்லை. ஆனால் இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு மக்கள் தொகுதி தன் முன்னோர் பெயர்களை மறந்ததென்றால், அவ்வெற்றி எத்துணை ஆழமானது என்பதை எண்ணுதல் வேண்டும்.

ஒரு சில பெயர்களே எங்கும் வழங்கியதால், ஓர் ஊரில் பத்து இராபர்ட்டுகள் இருந்தனர். எந்த இராபர்ட்டு என்று அறிவது எப்படி? இரு வழிகள் தோன்றின. ஒன்று, செல்லப் பெயர். ராப், ஹாப், டாப், நாப், பாப், ராபின் என ஒரே பெயர் பல குறுவடிவங்களைப் பெற்றது. நார்மானியரின் ரகர ஒலி ஆங்கிலேயர் நாவில் படியாமையால் ‘ஹாப்’ முதலியன தோன்றின என்பாரும் உளர். மற்றொன்று, தந்தை பெயரைச் சேர்த்தல். இராபர்ட்டின் மகன் ராபர்ட்சன். ராபினின் மகன் ராபின்சன். ஹாப்பின் மகன் ஹாப்சன். டாப்பின் மகன் டாப்சன். ஹாப்கின்சு என்பதும் இவ்வினமே. வேல்சு மொழியில் ‘ஆப்’ என்பது மகன் எனப் பொருள்படும். ‘ஆப் இராபர்ட்டு’ என்பது ‘புரோபர்ட்டு’ எனக் குறுகிற்று. அரபியில் ‘இப்னு’ செய்யும் தொழிலையே இந்த ‘ஆப்’ செய்கின்றது. நம்மிடம் தந்தை பெயரின் முதலெழுத்து அப்பணியைச் செய்கின்றது.

இவ்விடத்தில் நம் வகுப்பறைகளை நினைத்தல் தவிர்க்க இயலாதது. முகம்மது என்று அழைத்தால் நான்கு மாணவர் எழுந்து நிற்பர். ஊரிலே வீட்டுப் பெயரும் பட்டப் பெயரும் வேற்றுமை காட்ட உதவுகின்றன. சான்றிதழில் அவற்றிற்கு இடமில்லை. போதாக்குறைக்கு, முகம்மது என்னும் ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் ஐந்தாறு வகையாக எழுதப்படுகிறது. பிறப்புச் சான்றில் ஒன்று, பள்ளிச் சான்றில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என நின்று, அயல்நாட்டு வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்லும்போது மூன்று மனிதராக்கி விடுகிறது. இடைக்கால இங்கிலாந்தின் எழுத்தர்களிடம் இத்தொல்லை குறைவு. தெருவில் ஹாப் என்றும் டாப் என்றும் எவ்வாறு அழைக்கப்பட்டாலும், இலத்தீன் ஆவணத்தில் ‘இராபர்ட்டுசு’ என்றே பதிந்தனர். ஏட்டுக்கு ஒரு வடிவம், நாவுக்குப் பல வடிவம் என்பது அவர்கள் கண்ட தீர்வு. நம் ஜமாஅத்துப் பெரியோர்கள் பிள்ளையின் பெயரைத் தமிழிலும் அரபியிலும் ஓதிச் சூட்டும் அன்றே, ஆங்கில எழுத்து வடிவம் ஒன்றையும் உறுதி செய்து குறித்துக் கொடுப்பின், பின்னாளில் அப்பிள்ளை நீதிமன்றத்துக்கும் அரசிதழ் அலுவலகத்துக்கும் அலைவது குறையும்.

இராபர்ட்டின் செல்லப் பெயர்கள் மனிதரோடு நிற்கவில்லை. செந்நெஞ்சுடைய ஒரு சிறுபறவையை ஆங்கிலேயர் அன்போடு ‘ராபின்’ என அழைக்க, அதுவே அப்பறவையின் பெயராயிற்று. 1829இல் இலண்டன் மாநகரக் காவற்படையை அமைத்த உள்துறை அமைச்சர் இராபர்ட்டு பீல். அதனால் அந்நாட்டுக் காவலர் ‘பாபி’ எனப்பட்டனர். எந்திர மனிதனைக் குறிக்கும் ‘ரோபோ’ என்னும் சொல்லை இதனோடு இணைத்துக் கூறுவோர் உளர், அது பிழை. செக்கு நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்தால் பரவிய அச்சொல், கட்டாய உழைப்பைக் குறிக்கும் வேறொரு சொல்லின் அடியாகப் பிறந்தது.

அறிவியல் பயிலும் நம் மாணவர்க்கு இப்பெயர் நாள்தோறும் எதிர்ப்படுவது. வளிமங்களின் விதி கண்ட பாயிலும், மீட்சி விதி கண்ட ஹூக்கும் இராபர்ட்டுகளே. பின்னவர் முன்னவரிடம் உதவியாளராய் இருந்தவர். நீரில் மிதக்கும் நுண்துகள்களின் அசைவை 1827இல் ஆராய்ந்த பிரௌன், ஆய்வுக்கூட அடுப்புக்குப் பெயர் தந்த பன்சன், 1882இல் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்த கோக்கு ஆகியோரும் இப்பெயரினரே.

கடல் கடந்து அமெரிக்கா சென்ற பின்னும் இப்பெயரின் செல்வாக்குக் குன்றவில்லை. அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்புத் துறையின் பதிவுகளின்படி, 1924 முதல் 1939 வரை ஆண்டுதோறும் ஆண்குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர் இதுவே. பின்னர் அது படிப்படியாகத் தேய்ந்தது. 2020களில் அங்கு முதல் ஐம்பது பெயர்களுக்குள்ளும் அது இல்லை. பாட்டன்மார் பெயராகத் தோன்றுவதே காரணம் போலும்.

இசுபானியாவில் இருவர்

அரபு அறிவை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றோருள் இருவர் இப்பெயரினர் என்பது நம்மவர் பலர் அறியாதது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து இசுபானியா சென்று அரபு கற்ற இவ்விருவரையும் ஒருவராகவே கருதி மயங்கினோர் பலர்.

ஒருவர் கெட்டன் ஊரினர். எப்ரோ ஆற்றங்கரைப் பகுதியில் வானநூல் பயின்றுகொண்டிருந்த அவரைக் குளூனி மடத்துத் தலைவர் பீட்டர் வேண்ட, திருக்குர்ஆனை இலத்தீனில் பெயர்த்து 1143இல் முடித்தார். இலத்தீனில் செய்யப்பட்ட முதல் முழு மொழிபெயர்ப்பு அது. ஆனால் அது விரித்தும் சுருக்கியும் செய்யப்பட்ட தழுவலாக அமைந்தது. இசுலாத்தை மறுப்பதற்காகவே வேண்டப்பட்டது. தலைப்பிலேயே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பழி சுமத்திற்று. 1543இல் பாசெல் நகரில் அச்சேறிய பின்னும் நெடுங்காலம் ஐரோப்பியர் இசுலாத்தை அறிந்தது இதன் வாயிலாகவே. மொழிபெயர்ப்பாளர் முசுலிம்களின் விளக்கவுரைகளை நாடிப் பொருள் கண்டார் என்பதை இக்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். கற்ற உழைப்பு உண்மையானது; கற்பித்த நோக்கம் நேர்மையற்றது. இரண்டையும் சொல்வதே ஆய்வு நெறி.

மற்றவர் செசுட்டர் ஊரினர். அல் குவாரிசுமியின் அல்ஜப்ர் நூலை 1145இல் செகோவியா நகரில் இலத்தீனாக்கினார். நூலின் அரபுப் பெயரை மொழிபெயர்க்காமல் அவ்வாறே எடுத்தாண்டமையால் ‘அல்ஜீப்ரா’ என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளுக்கு வாய்த்தது. நம் கணிதத்துறை மாணவர் இயற்கணிதம் எனப் பயில்வது அதுவே. ஒரே நூற்றாண்டில், ஒரே நாட்டில், ஒரே பெயருடைய இருவர். ஒருவர் பெயர்த்த நூலால் பகைமை வளர்ந்தது, மற்றவர் பெயர்த்த நூலால் அறிவு வளர்ந்தது.

தமிழகத்தில் நால்வர்

முதலில் வந்தவர் இத்தாலியர். ரொபெர்த்தோ தெ நோபிலி 1606இல் மதுரை வந்தார். தம் பெயரை விடுத்துத் ‘தத்துவ போதகர்’ என்னும் பெயரை ஏற்றுத் தமிழில் உரைநடை நூல்கள் யாத்தார். 1656இல் மயிலாப்பூரில் மறைந்தார். புகழொளி என்னும் பெயரைத் துறந்தவரே புகழ் பெற்றமை காண்க.

அடுத்தவர் இராபர்ட்டு கிளைவு. 1751இல் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றவர். போரில் நிலைத்து நிற்பவர் எனப் பொருள்படும் ‘சாபித் ஜங்’ என்னும் விருதுப் பெயரும் அவர்க்கு வாய்த்தது. ஆர்க்காட்டின் வெற்றியும் 1757இல் பிளாசியின் வெற்றியும் இந்நாட்டினர்க்கு எத்தகைய ஒளியைத் தந்தன என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவரைப் பற்றி இவ்வளவே போதும்.

மூன்றாமவர் இராபர்ட்டு புரூசு பூட்டு. ஸ்காத்துலாந்து மன்னரின் பெயரை முழுமையாகவே தாங்கிய இவர் நிலவியல் துறை அலுவலர். 1863ஆம் ஆண்டு மே திங்களில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்நாட்டு மனித வாழ்வின் தொன்மையைப் பற்றிய ஆய்வு அங்குத் தொடங்கிற்று. செங்கல் மண்ணுக்காக நிலத்தை வெட்டுவோர், காலில் இடறும் கல்லைக் குனிந்து பார்க்கும் பழக்கத்தை அவரிடம் கற்கலாம்.

நான்காமவர் நம் கால்டுவெல். 1814இல் அயர்லாந்தில் பிறந்து, 1838இல் சென்னையை அடைந்து, நெல்லைச் சீமையின் இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்தவர். 1891இல் கோடைக்கானலில் மறைந்த அவர் உடல் இடையன்குடியிலேயே அடக்கம் செய்யப்பட்டது. கால்டுவெல் என்னும் குடிப்பெயர் பழைய ஆங்கிலத்தில் ‘குளிர்ந்த ஊற்று’ எனப் பொருள்படும். செம்மணல் தேரியும் பனையுமாய் நீருக்கு ஏங்கும் அந்நிலத்தில் அப்பெயருடையார் ஒருவர் குடியிருந்ததை அவரே எண்ணி நகைத்திருக்கவும் கூடும். அவர் நோபிலியைப் போலப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் பெயரைத் தமிழ் மாற்றிக்கொண்டது.

ஹாப்சன் ஜாப்சன்

இறுதியாக ஒரு செய்தி. முகர்ரம் ஊர்வலங்களில் மார்பில் அறைந்துகொண்டு ‘யா ஹசன்! யா ஹுசைன்!’ என்று கதறி வருவோரை இந்நாட்டில் பணிபுரிந்த ஆங்கிலச் சிப்பாய்கள் கண்டனர். கர்பலாவின் துயரம் அவர்கள் செவிக்கு எட்டவில்லை. ஒலி மட்டும் எட்டிற்று. அவ்வொலியைத் தம் நாட்டார் பெயர்களாகத் திரித்து ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்றனர். ஹாப்சன் என்பது ஹாப்பின் மகன், அதாவது இராபர்ட்டின் மகன் என மேலே கண்டோம். நபிகளாரின் பேரர் பெயரிருந்த இடத்தில் இராபர்ட்டின் மகன் வந்து நின்றார்.

ஆங்கிலேய இந்தியரின் பேச்சில் கலந்த நம் நாட்டுச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த அகராதிக்கு ஹென்றி யூல் என்பார் இத்திரிபையே பெயராகச் சூட்டினார். கட்டுமரம், மிளகுத்தண்ணீர் போன்ற தமிழ்ச் சொற்கள் ஆங்கிலமான வரலாற்றை இன்றும் அந்நூலிலேயே தேடுகின்றோம். அதன் மற்றோர் ஆசிரியர் பர்னல், தஞ்சையில் நீதிபதியாய் இருந்து அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். அகராதி அச்சேறுமுன் 1882இலேயே மறைந்தார். அயற்சொல்லைத் தன் மொழிச் சொல் போலத் திரித்து வழங்கும் மாற்றத்தை இன்றும் மொழிநூலார் ‘ஹாப்சன் ஜாப்சன் விதி’ என்றே குறிப்பர்.